ஓபேல் மேடு முதல் ஆராத் கோட்டை வரை: ஆலயத்துச் சேவகரைத் தேடி

ஞாயிறு, எருசலேம்

வேதாகமத்தில் எஸ்றா புத்தகத்தின் 2-ஆம் அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் யாரும் விரும்பி எடுப்பதில்லை. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அது, முழுக்க முழுக்கப் பெயர்கள். ஆசாரிய வம்சங்கள் நான்கையும் கூட்டினால் 4,289 பேர். ஆசாரியருக்குத் துணையாக ஆலய வேலை செய்த லேவி கோத்திரத்தார், அதாவது லேவியர், 74 பேர்தான். பாடகர் 128, வாசல் காவலாளர் 139. அதற்கும் கீழே, லேவியருக்குப் பணிவிடை செய்த ஆலய வேலைக்காரரான நிதனீமியரும் சாலொமோனின் வேலையாட்களின் வம்சத்தாரும் சேர்ந்து 392 பேர். இந்தக் கடைசி வரிகளுக்காகத்தான் நானும் அக்காவும் வந்திருக்கிறோம். பலிபீடத்தில் நின்ற ஆசாரியர்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கதவைத் திறந்தவன், விறகு சுமந்தவன், தண்ணீர் மொண்டவன், பாடினவன் இவர்களில் ஒருவர் வரவில்லை என்றாலும் காலைப் பலி நடந்திருக்காது. அவர்கள் நடமாடிய இடங்களை நேரில் பார்த்து, அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று எண்ணம்.

ஆலய மலையின் தென்மதில் பக்கம் போனோம். ஏரோது காலத்துப் படிக்கட்டு, ஒரு படி அகலம், அடுத்த படி குறுகல் என்று மாறி மாறி வருகிறது. வேகமாக ஏற முடியாது, காலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மக்கள் கூட்டம் கூட்டமாக ஏறிய படிகள் இவை. லேவியர் நின்று பாடிய படிகள் வேறு. அவை உள்ளே, ஸ்திரீகளின் பிராகாரத்திலிருந்து இஸ்ரவேலரின் பிராகாரத்துக்கு ஏறுகிற அரைவட்டப் படிகள் 15. ஆரோகண சங்கீதங்களும், அதாவது 120 முதல் 134 வரையிலான சங்கீதங்களும், 15. அந்தப் படிகள் இன்று இல்லை. அக்கா எங்கள் சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவள். வெயிலில் ஒரு படியில் உட்கார்ந்து 122-ஆம் சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"தம்பி, பாடறவங்க எத்தனை பேரு இருந்தாங்களாம்?"

ரபிமாரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்வதைச் சொன்னேன். மேடையில் 12 லேவியருக்குக் குறையக் கூடாது, கூடினால் தடையில்லை. லேவியர் வீட்டுச் சிறுவர்கள் மேடையில் ஏறாமல், பெரியவர்களின் காலடியில் தரையில் நின்று குரல் கொடுப்பார்கள், பாட்டுக்கு இனிமை கூட வேண்டும் என்பதற்காக. வாரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சங்கீதம் உண்டு: ஞாயிற்றுக்கு 24, திங்களுக்கு 48, ஓய்வுநாளுக்கு 92. இன்று ஞாயிறு என்பதால் அக்கா 24-க்குப் புரட்டினாள். "பூமியும் அதின் நிறைவும்" என்று தொடங்குகிற அதே சங்கீதம்.

பாடகர்களைப் பற்றி முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். ஆலயம் இடிபடுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, லேவியப் பாடகர்கள் இரண்டாம் அகிரிப்பா ராஜாவிடம் போய், ஆசாரியர்களைப் போலவே நாங்களும் சணல்நூல் அங்கி உடுத்த அனுமதி வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். ஜோசிபஸ் ஆசாரியக் குடும்பத்துக்காரர். முன்னோரின் முறைமையை மீறிய செயல் என்று கண்டிக்கிறார். நான் பாடகர்களின் பக்கம். தலைமுறை தலைமுறையாகத் தினமும் காலையிலும் மாலையிலும் அதே முற்றத்தில் நின்று பாடியவர்கள் கேட்டது ஓர் அங்கிதான்.

காவலும் லேவியர் பொறுப்புதான். இரவில் ஆலயத்தைச் சுற்றி 24 இடங்களில் காவல், அதில் 3 ஆசாரியருடையது, 21 லேவியருடையது. ஆலய மலையின் அதிகாரி தீவட்டிகளோடு சுற்றி வருவார். காவலன் எழுந்து சமாதானம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தூங்குகிறான் என்று பொருள், தடியால் அடி விழும். அவன் உடுப்பைக் கொளுத்தவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. எலியேசர் பென் யாக்கோபு என்ற ரபி இதைச் சொல்லும்போது, தன் தாய்மாமன் ஒருநாள் தூங்கி மாட்டிக்கொண்டதையும், அவர் உடுப்பைக் கொளுத்தியதையும் சொல்கிறார். காவல்காரர்களில் ஒருவர் இப்படி யாருடைய மாமனாகவோ நம் முன்னால் வந்து நிற்கிறார். எனக்கு இது பெரிய விஷயம்.

படிகளுக்குக் கிழக்கே இருக்கிற சரிவுதான் ஓபேல். சிறையிருப்புக்குப் பின் நெகேமியா எருசலேம் மதிலைக் கட்டிய காலத்தில் நிதனீமியர் குடியிருந்தது இங்கேதான் என்று அவர் புத்தகம் சொல்கிறது, தண்ணீர்வாசலை ஒட்டி. ஒருபக்கம் ஆலயம், மறுபக்கம் கீகோன் ஊற்றுக்கு இறங்குகிற வழி. ஆலயத்துக்குத் தண்ணீர் சுமக்கிறவர்கள் வீடு எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்திருக்கிறது. சுவர் அடிகளும் தொட்டிகளும் படிகளுமாகக் கிடக்கிற அந்தச் சரிவில் மாலை வரை சுற்றினோம்.

திங்கள், சீலோ

எருசலேமிலிருந்து வடக்கே 60-ஆம் எண் சாலை. மேற்குக் கரைக்குள் போகிறோம், வழியில் சோதனைச் சாவடிகள், காவல் கோபுரங்கள். சீலோ மேடு ஒரு பள்ளத்தாக்குக்கு நடுவே நிற்கிறது. ராஜாக்கள் வருவதற்கு முந்திய காலத்தில், ஆலயம் கட்டப்படும் முன் ஆராதனை நடந்த ஆசரிப்புக் கூடாரம் நின்ற இடம். வடபக்கம் பாறையைச் செதுக்கிச் சமன்படுத்திய ஒரு நீள்தளம் இருக்கிறது. கூடாரம் நின்றது அங்கேதான் என்று சொல்கிறவர்கள் உண்டு, மேட்டின் உச்சி என்று சொல்கிறவர்களும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன் நடத்திய அகழாய்வில் பெரிய சேமிப்புத் தாழிகள் நிறைந்த கட்டடம் கிடைத்தது. கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் தீயில் அழிந்த கட்டடம்.

ஆராதனை இடத்தில் தாழிகள் எதற்கு என்று இங்கே யாரும் கேட்கத் தேவையில்லை. தானியம் வரும், திராட்சரசம் வரும், எண்ணெய் வரும், ஆடுமாடு வரும். வந்ததை அளந்து, வைத்து, பங்கிட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். லேவி கோத்திரத்துக்கு மற்றவர்களைப் போல நிலப்பங்கு கிடையாது. மற்ற கோத்திரங்கள் தருகிற தசமபாகம்தான் அவர்களுக்குச் சுதந்தரம். அந்தப் பத்தில் ஒன்றிலிருந்தும் பத்தில் ஒன்றை அவர்கள் ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். கேட்கிறபோது ஒழுங்கான ஏற்பாடாகத்தான் படுகிறது. ஆனால் விதைத்தவன் அறுத்த பின்பு மனம் வைத்தால்தான் இவன் வீட்டில் அடுப்பு எரியும். "லேவியனைக் கைவிடாயாக" என்ற பொருளில் உபாகமம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை என்று அடுக்குகிற வரிசையிலேயே லேவியனையும் வைக்கிறது. கைவிடப்பட்டவர்கள் கண்முன்னே இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை தடவை சொல்லத் தேவை வந்திருக்காது.

அதிகாரம் கையில் இருந்தவன் என்ன செய்தான் என்பதற்கும் சீலோவே சாட்சி. ஆசாரியன் ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் இங்கே ஆசாரியர்கள். சமாதான பலியில் மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியருக்கு என்று நியாயப்பிரமாணம் வரையறுத்திருந்தது. இவர்கள் வேலைக்காரனிடம் மூன்று கூர் உள்ள ஆயுதத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். இறைச்சி வேகும்போதே அவன் வந்து கொப்பரையில் குத்துவான், அதில் வந்ததெல்லாம் ஆசாரியனுக்கு. பச்சையாகவே கொடு, இல்லையென்றால் பலவந்தமாக எடுத்துக்கொள்வேன் என்றும் மிரட்டுவான். அந்த வேலைக்காரனுக்குப் பெயர் இல்லை. வாசலில் ஊழியம் செய்த பெண்களைப் பற்றியும் ஒரு வரி வருகிறது, அவர்களுக்கு இந்த மகன்கள் செய்த அநியாயத்தைச் சொல்வதற்காக. கூடாரத்தின் வெண்கலத் தொட்டியைச் செய்ய வெண்கலம் வந்ததே வாசலில் ஊழியம் செய்த பெண்கள் கொடுத்த முகம்பார்க்கும் தர்ப்பணங்களிலிருந்துதான் என்று யாத்திராகமம் சொல்கிறது. அந்தப் பெண்களின் வேலை என்ன என்று எங்கேயும் விவரம் இல்லை. பெருக்கியிருப்பார்கள், துவைத்திருப்பார்கள், தண்ணீர் வைத்திருப்பார்கள். அக்கா வாசல் இருந்திருக்கக்கூடிய பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள்.

சிறுவன் சாமுவேலும் இங்கே வேலைக்காரன்தான். இரவில் கர்த்தர் கூப்பிட்ட சத்தத்தைக் கேட்டவன், விடிந்ததும் எழுந்து போய்ச் செய்தது என்ன? ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். அது அவன் அன்றாட வேலை.

செவ்வாய், நபி சாமுவேல்

எருசலேமுக்கு வடமேற்கே உயர்ந்து நிற்கிற குன்று. மேலே மசூதி, கீழே நிலவறையில் யூதர்கள் ஜெபிக்கிற கல்லறை மண்டபம், இரண்டும் சாமுவேலின் பெயரால். கூரைக்கு ஏறினால் வடக்கே தாழ்வில் அல்-ஜிப் என்ற பாலஸ்தீனக் கிராமம் தெரிகிறது. அதுதான் பழைய கிபியோன். ஜேம்ஸ் பிரிச்சர்ட் 1956-இல் அங்கே தோண்டத் தொடங்கினார். கிபியோன் என்று எழுத்துப் பொறித்த ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்ததால் ஊர் இதுதான் என்பதில் சந்தேகம் நீங்கியது. பாறையில் குடைந்த பெரிய வட்டக் கிணறும் வெளிப்பட்டது. ஏறத்தாழ 12 மீட்டர் அகலம், சுவரை ஒட்டிச் சுழன்று இறங்குகிற படிகள், அடியில் தண்ணீர் அறை. மொத்தம் 79 படிகள்.

கிபியோனின் குடிகள் பழைய துருத்தியும் பூசணம் பூத்த அப்பமும் எடுத்துக்கொண்டு, தூரதேசத்திலிருந்து வந்தவர்கள்போல யோசுவாவிடம் உடன்படிக்கை செய்துகொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். உயிரோடு விட்டார்கள், ஆனால் விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் என்றைக்குமாக வைத்தார்கள், சபைக்கும் கர்த்தருடைய பலிபீடத்துக்கும். நிதனீமியர் இவர்கள் வம்சமே என்பது ரபிமார் மரபு. தாவீதும் பிரபுக்களும் லேவியருக்குப் பணிவிடை செய்ய நிதனீமியரை வைத்தார்கள் என்று எஸ்றா புத்தகம் சொல்கிறது. போரில் பிடிபட்டவர்களின் பிள்ளைகளும் அவர்களோடு கலந்திருக்கலாம், பட்டியலில் உள்ள பல பெயர்கள் எபிரெயர் பெயராகவே இல்லை.

இதே கிபியோன் பிற்பாடு ஆசாரியருக்குக் கொடுத்த 13 பட்டணங்களில் ஒன்றானது. லேவி கோத்திரத்துக்கு மொத்தம் 48 பட்டணங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் மேய்ச்சல் நிலம். ஆறு பட்டணங்கள் கைப்பிசகாய்க் கொலை செய்தவன் ஓடிவந்து உயிர் பிழைக்கிற அடைக்கலப் பட்டணங்கள். ஆலயத்தில் முறை இல்லாத நாட்களில் லேவியர் இப்படி ஜனங்களோடு ஜனங்களாக இருந்தார்கள். வழக்கில் நியாயம் சொன்னார்கள், சண்டைக்காரர்களுக்கு நடுவில் நின்றார்கள். யோசபாத் ராஜா அவர்களில் சிலரை நியாயப்பிரமாண புஸ்தகத்தோடு யூதாவின் ஊர் ஊராக அனுப்பி உபதேசிக்க வைத்தான். தோலில் தடிப்பு வந்தவனும் சுவரில் பூசணம் கண்ட வீட்டுக்காரனும் ஆசாரியனிடம் போய்க் காட்டினார்கள். ஊர் வாழ்க்கையில் அவர்கள் கை படாத இடம் குறைவு.

சாலொமோன் ஞானம் கேட்ட சொப்பனமும் கிபியோனில்தான். நாளாகமம் சொல்கிறபடி தாவீதின் நாட்களில் அந்தக் கூடாரம் அங்கே இருந்தது, ஏமானும் எதுத்தூனும் பூரிகைகளோடும் தாளங்களோடும் அங்கே பாடினார்கள். அந்தச் சுழல் கிணறு எந்தக் காலத்தது என்றாலும், ஆராதனைக்கு வேண்டிய ஒவ்வொரு குடத்தையும் கிபியோனியன் ஒருவன் தன் ஊர்த் தண்ணீரிலிருந்து சுமந்திருப்பான் என்பதை இந்தக் கூரையிலிருந்து அந்த ஊரைப் பார்க்கும்போது மறக்க முடியவில்லை.

இவர்களுக்குக் கிடைத்த மரியாதை? பாபிலோனிலிருந்து வந்தவர்களைப் பத்து வகுப்பாகப் பிரிக்கிற மிஷ்னா, நிதனீமியரைக் கடைசிப் பக்கத்தில் வைக்கிறது. ஆசாரியரோ லேவியரோ சாதாரண இஸ்ரவேலரோ அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்கக் கூடாது. ஆலயத்துக்குத் தண்ணீர் சுமக்கலாம், அந்த வீட்டுப் பெண்ணை மருமகளாக எடுக்கக் கூடாது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

புதன், ஆராத்

தெற்கே பெயெர்செபாவைத் தாண்டிப் போகும்போது பச்சை மெல்ல மெல்ல மறைகிறது. டெல் ஆராத் ஒரு தேசியப் பூங்கா. கீழே ஆபிரகாமுக்கும் முந்திய கானானியப் பட்டணம், மேட்டின் உச்சியில் யூதா ராஜாக்களின் கோட்டை. யோஹானான் அஹரோனி 1960-களில் தோண்டியபோது கோட்டைக்குள் ஒரு ஆலயம் இருந்தது! எருசலேமுக்கு வெளியே யூதா ராஜ்யத்தில், முற்றம், மண்டபம், மகா பரிசுத்த ஸ்தலம் என்று ஒழுங்காகக் கட்டிய ஆலயம்.

முற்றத்தில் பலிபீடம் அதே இடத்தில் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தோம். உளி படாத வெறும் கற்கள், இடையில் மண். கற்களால் பீடம் கட்டினால் செதுக்கின கல் கூடாது என்ற யாத்திராகமத்துச் சட்டம் அப்படியே இருக்கிறது. கொம்பில்லை, மெருகில்லை. பக்கத்தில் சில படிகள், உள்ளே குறுகிய அறை, அதன் வாசலில் இரண்டு சின்னத் தூப பீடங்கள், பின்னால் நிற்கும் கல். உள்ளே இருப்பவை மாதிரிகள், அசல் எருசலேம் அருங்காட்சியகத்தில். 2020-இல் வெளியான ஆய்வில் ஒரு பீடத்தின் மேல் குங்கிலியமும், மற்றதில் கஞ்சாவும் எரித்த எச்சம் இருப்பது தெரிந்தது. குங்கிலியம் அரேபியாவிலிருந்து வர வேண்டும். இந்த வனாந்தரக் கோட்டைக்கு அதைச் சுமந்து வந்தவனும், எடைபோட்டு வாங்கியவனும், தணல் அள்ளிப் போட்டவனும் ஆலயத்துச் சேவகர்கள்தான்.

இங்கே எனக்கு முக்கியம் ஓட்டுச்சில்லுகள். உடைந்த பானை ஓட்டில் மையால் எழுதிய சீட்டுகள். ஒன்றில் கோராகின் புத்திரர் என்ற சொற்கள். சங்கீதப் புத்தகத்தில் 42-ஆம் சங்கீதத்துக்குத் தலைப்பில் இருக்கிற அதே பாடகர் குலப் பெயர். ஆலயப் பகுதியில் கிடைத்த வேறு சில்லுகளில் மெரெமோத், பஸ்கூர், இரண்டும் வேதாகமத்தில் ஆசாரியக் குடும்பங்களில் வருகிற பெயர்கள். பிறகு 18-ஆம் எண் ஓடு. கி.மு. 600-ஐ ஒட்டி, எருசலேம் விழுவதற்குச் சற்று முன்னால், கோட்டைப் பொறுப்பாளன் எலியாசிபுக்கு வந்த கடிதம். கர்த்தர் உமது சமாதானத்தை நாடுவாராக என்று வாழ்த்திவிட்டு, செமரியாவுக்கு இவ்வளவு கொடும், கேரோசியனுக்கு இவ்வளவு கொடும் என்று பொருள் அளக்கச் சொல்கிறது. கடைசியில், நீர் கட்டளையிட்ட காரியம் நலம், அவர் கர்த்தருடைய ஆலயத்தில் இருக்கிறார் என்று முடிகிறது.

கேரோசியன்! எஸ்றா 2-ஆம் அதிகாரத்தின் 44-ஆம் வசனத்தில், நிதனீமியர் வரிசையில், "கேரோசின் புத்திரர்" என்று இருக்கிறதே, அந்தக் குலத்து ஆள் இவன் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அலைபேசியில் ஓட்டின் படத்தையும் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அக்காவிடம் காட்டினேன்.

"அப்போ இவன் பேரன் பேத்திதான் பாபிலோன்ல இருந்து திரும்பி வந்தாங்களா?"

"பேரனோ, அண்ணன் தம்பி வம்சமோ, அந்தக் குலம்தான் அக்கா."

"அந்த ஓட்டுல சீட்டு எழுதினவனுக்கு, இவனுக்கு அளந்து குடுக்கணும்னு தோணியிருக்கே. அதுவே பெரிசு," என்றாள்.

ஆமாம், எனக்கும் அதுதான் பெரிது. இந்த ஓட்டில் அவனுக்கு வசையும் இல்லை, வகுப்புக் கணக்கும் இல்லை. கொடுக்க வேண்டிய அளவு இருக்கிறது. பாபிலோனியர் படை நெருங்குகிற நாட்களில் எல்லைக் கோட்டையிலிருந்து ஒருவனுக்கு ரேஷன் போகிறது. சிறையிருப்பிலிருந்து பிற்பாடு திரும்பிய இன்னொரு கூட்டத்துக்கு எஸ்றா ஆள் திரட்டியபோது முதலில் லேவியர் ஒருவரும் வரவில்லை. சொல்லியனுப்பிய பிறகு 38 லேவியர் வந்தார்கள், நிதனீமியரோ 220 பேர். பெண் கொடுக்க மாட்டேன் என்று சொல்லப்போகிற ஊருக்கு, லேவியரைவிட ஆறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக, ஆலய வேலைக்கென்று நடந்தே வந்திருக்கிறார்கள்.

வியாழன், டெல் டான்

நாட்டின் தெற்கிலிருந்து வடகோடிக்கு ஓட்டம், நாள் முழுக்க வண்டிக்கே போய்விட்டது. டான் ஊற்றுத் தண்ணீர் சில்லென்று பாய்கிறது. வட இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாம் பொற்கன்றை வைத்த மேடை இங்கே. அவ்ரஹாம் பிரான் 1966-இலிருந்து தோண்டிய இடம். பலிபீடம் நின்ற அளவுக்கு உலோகச் சட்டகம் நிறுத்தியிருக்கிறார்கள், பக்கத்து அறையில் தணல் வாரும் இரும்புச் சட்டுவங்கள் கிடைத்தன. லேவி புத்திரர் அல்லாதவர்களை அந்த ராஜா ஆசாரியராக்கினான்.

அதற்கும் முன்னால் இந்த ஊருக்கு வந்த ஒரு லேவியன் கதை நியாயாதிபதிகள் புத்தகத்தில் இருக்கிறது. பெத்லகேமிலிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்பிய வாலிபன். எப்பிராயீம் மலையில் மீகா என்பவன் வருஷத்துக்கு பத்து வெள்ளிக்காசு, ஒரு ஜோடி உடுப்பு, சாப்பாடு என்று பேசித் தன் வீட்டுச் சாமிக்கு ஆசாரியனாக வைத்துக்கொண்டான். தாண் கோத்திரத்தார் ஆயுதத்தோடு வந்து, ஒரு வீட்டுக்கு ஆசாரியனாக இருப்பது நல்லதா, ஒரு கோத்திரத்துக்கா என்று கேட்டபோது மனமகிழ்ந்து சிலைகளையும் எடுத்துக்கொண்டு இவர்களோடு இங்கே வந்துவிட்டான். அவனைத் துரோகி என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். தசமபாகம் ஒழுங்காக வந்திருந்தால் அவன் பெத்லகேமை விட்டே கிளம்பியிருக்க மாட்டான்.

வெள்ளி, எருசலேம்

காலையில் இஸ்ரேல் அருங்காட்சியகம். ஆராத்தின் மகா பரிசுத்த ஸ்தலம் அசல் கற்களோடு இங்கே நிற்கிறது. 1979-இல் கேப்ரியல் பர்காய் இன்னோம் பள்ளத்தாக்குக் கல்லறைக் குகையில் கண்டெடுத்த வெள்ளிச் சுருள்கள் இரண்டும் இங்கேதான். விரித்தபோது பெரியது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம், சிறியது 4. "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்ற ஆசாரிய ஆசீர்வாதம் ஊசி முனை அகலத்தில் கீறியிருக்கிறது. இங்கேயே இன்னொரு கல்: ஆலய மதிலின் தென்மேற்கு மூலைக்குக் கீழே 1968-இல் பெஞ்சமின் மசார் குழுவுக்குக் கிடைத்தது. எக்காளம் ஊதும் இடத்துக்கு என்று எபிரெயத்தில் வெட்டிய எழுத்து. ஓய்வுநாள் தொடங்கும் மாலையிலும் முடியும் மாலையிலும் ஓர் ஆசாரியன் அந்த மூலையில் நின்று ஊதுவான், ஊர் வேலையை நிறுத்தும், மறுபடி தொடங்கும் என்று ஜோசிபஸ் எழுதியது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

சாயங்காலம் விடுதியில் இருந்தபோது ஓய்வுநாள் சைரன் நகரம் முழுக்க ஒலித்தது. கடைகள் மூடிவிட்டன. நெகேமியா 13-ஆம் அதிகாரத்தை எடுத்து அக்காவோடு சேர்ந்து வாசித்தேன். ஓய்வுநாளுக்கு முன்னே இருட்டத் தொடங்கியதும் எருசலேமின் வாசல்களைப் பூட்டச் சொல்லி, வியாபாரிகள் வெளியே தங்கிக் காத்துக்கிடந்ததால் லேவியரைக் காவலுக்கு வைக்கிறார் நெகேமியா. ஆனால் அந்த லேவியர் அங்கே நிற்பதற்கே முன்னால் ஒரு வேலை நடக்க வேண்டியிருந்தது. நெகேமியா ஊரில் இல்லாதபோது, லேவியரின் தானியமும் எண்ணெயும் வைத்திருந்த பெரிய அறையை ஆசாரியன் ஒருவன் காலி செய்து, தோபியா என்ற தன் உறவுக்காரனுக்குக் கொடுத்துவிட்டான். பங்கு நின்றுபோனது. லேவியரும் பாடகரும் ஆலயத்தை விட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். நெகேமியா திரும்பி வந்து தோபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார். தேவனுடைய ஆலயம் ஏன் கைவிடப்பட்டது என்று அதிகாரிகளோடு வழக்காடினார். ஓடிப்போனவர்களைக் கூட்டிவந்து அவரவர் இடத்தில் நிறுத்தினார். தசமபாகம் மறுபடி வந்தது. பண்டசாலைக்குப் பொறுப்பாக ஆசாரியன் செலேமியா, வேதபாரகன் சாதோக், லேவியரில் பெதாயா, அவர்களுக்கு உதவியாக ஆனான் என்று நாலு பேரை வைத்தார். உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள். சகோதரருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அவர்கள் வேலை.